அப்பா கோச், மகன் பத்தாம் நம்பர்: ரக்பிப் பயிற்சியாளர்கள், பத்திரிகை விமர்சனம், குடும்ப உறவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025இல், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணியின் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில், தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ஃபாரல் தன் மகன் ஓவனை (பத்தாம் எண், அதாவது ஆட்டத்தை நடத்தி உதைக்கும் இடத்தில் ஆடுபவர்) அணிக்கு அழைத்த நாளிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். எளியவை மேலே, வம்பானவை கீழே.

1. கிரிக்கெட்ல கேப்டனைத்தானே திட்டுவாங்க. ரக்பில மட்டும் ஏன் கோச்சைப் போட்டு வறுக்குறாங்க?

கிரிக்கெட்டில் பந்துவீச்சு மாற்றம், ஃபீல்டிங் என்று கேப்டன் கையில் நிறைய இருக்கிறது. ரக்பியில் 80 நிமிட ஆட்டம் தொடங்கும் முன்பே பெரும்பாலான முடிவுகள் எடுத்தாகிவிடும். களத்தில் இறங்கும் 15 பேர் யார், பெஞ்சில் உட்காரும் 8 பேர் யார், அந்த எட்டில் ஃபார்வர்டுகள் (முன்னால் நின்று பந்துக்கு முட்டி மோதுபவர்கள்) ஐந்தா ஆறா, யாரை எப்போது மாற்றுவது, எல்லாமே கோச்சின் கணக்கு. கேப்டனுக்கு மிஞ்சுவது நடுவரிடம் பேசுவதும், பெனால்டி கிடைத்தால் கோலுக்கு அடிப்பதா மூலைக்கு அடிப்பதா என்று முடிவெடுப்பதும்தான்.

பெரும்பாலான நாடுகளில் அந்த 23 பேர் பட்டியலுக்குத் தலைமைப் பயிற்சியாளரே பொறுப்பு. தேர்வுக்குழுவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. திட்டும் அவர் வீட்டு வாசலுக்கே போகிறது.

2. வாரத்துல எத்தனை தடவை பத்திரிகைக்காரங்க முன்னாடி உட்காரணும்? எது ரொம்பக் கஷ்டம்?

சனிக்கிழமை டெஸ்ட் (ரக்பியில் சர்வதேச ஆட்டம்) என்றால் பெரும்பாலும் வியாழக்கிழமை அணி அறிவிப்பும் செய்தியாளர் சந்திப்பும். வாரத் தொடக்கத்தில் துணைப் பயிற்சியாளர்களில் ஒருவரை அனுப்புவார்கள். ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் களத்தோரத்தில் டிவிக்கு இரண்டு மூன்று கேள்வி. அப்புறம் உடைமாற்றும் அறை, அதன்பின் கேப்டனோடு சேர்ந்து மேசை முன்னால்.

தோல்விக்குப் பிந்தைய பேட்டிதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் சறுக்குவது வியாழக்கிழமை. ‘ஏன் எடுத்தீர்கள்’ என்பதற்குப் பதில் இருக்கும். ‘ஏன் எடுக்கவில்லை’ என்பதில்தான் வாய் தவறும். கழற்றிவிடப்பட்ட வீரனுக்கு அறிவிப்புக்கு முன்பே, கோச்சின் வாயால், காரணம் போயிருக்க வேண்டும். அவனிடம் சொன்ன காரணமும் மைக்கில் சொல்லும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் வேறு என்றால் வீரனின் ஏஜெண்ட் மூலமாக மறுநாளே பத்திரிகைக்குப் போய்விடும்.

3. தோத்து அஞ்சு நிமிஷத்துல மைக் நீட்டுறாங்க. என்ன சொல்லிச் சமாளிக்கிறது?

மூன்று வாக்கியம் கையில் இருந்தால் போதும். ஆட்டத்தில் நடந்த ஒன்றைத் துல்லியமாகச் சொல்வது (‘கடைசி 20 நிமிடத்தில் எங்கள் லைன்அவுட்டில் நாலு பந்தைத் தொலைத்தோம்’; லைன்அவுட் என்பது கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிவது). அதில் தன் பங்கை ஒப்புக்கொள்வது. அடுத்து எப்போது, எதைப் பார்க்கப்போகிறோம் என்பது. ‘வீரர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள்’ என்பது எல்லாரும் சொல்வது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையாக வரும்.

தனி வீரனின் பெயரைச் சொல்லக்கூடாது. நடுவரைப் பற்றிக் கேட்டால், அதற்கான வழியில் கேட்டுக்கொள்கிறோம் என்று நிறுத்த வேண்டும். வழி நிஜமாகவே இருக்கிறது: சந்தேகமான காட்சிகளை வெட்டி நடுவர் பொறுப்பாளருக்கு அனுப்பி விளக்கம் கேட்கலாம். சந்திப்புக்குப் போகும் முன் ஊடக அலுவலர் பத்துக் கேள்விகளை, கேட்கவே கூடாத கேள்விகள் உட்பட, கோச்சிடம் கேட்டுப் பார்ப்பார். இதைத் தவிர்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

4. நியாயமில்லாம எழுதுறவங்களைப் பதிலுக்கு ரெண்டு வாங்கு வாங்குனா என்ன தப்பு?

2023 ஆகஸ்டைப் பாருங்கள். உலகக் கோப்பைக்காகப் பிரான்ஸ் கிளம்பும் ஆஸ்திரேலிய அணி, சிட்னி விமான நிலையம், அணியின் கோச் எட்டி ஜோன்ஸ். மூத்த வீரர்கள் மைக்கேல் ஹூப்பரையும் குவேட் கூப்பரையும் கழற்றிவிட்டிருந்தார். கேள்விகள் அதைச் சுற்றியே வந்தன. நீங்கள் எல்லாவற்றையும் எதிர்மறையாகவே பார்க்கிறீர்கள் என்று செய்தியாளர்கள் மேல் பாய்ந்து, உங்களுக்கு நீங்களே தாடையில் ஒரு குத்து விட்டுக்கொள்ளுங்கள் என்கிற அளவுக்குப் போனார். அணியின் மேல் இருந்த அழுத்தத்தைத் தன் பக்கம் இழுக்கும் தந்திரம் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அதன்பின் ஃபிஜியிடம் 15-22, வேல்ஸிடம் 6-40. ஆஸ்திரேலியா முதல்முறையாகக் குழுநிலையிலேயே வெளியேறியது. ஒவ்வொரு தோல்விச் செய்தியோடும் அந்த விமான நிலையக் காட்சி ஒட்டிக்கொண்டே வந்தது. அக்டோபர் முடிவதற்குள் அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

கோபம் தவறு என்பதல்ல இங்கே விஷயம். பேட்டியில் காட்டிய கோபம் பத்திரிகைக்குக் கடன் பத்திரம் எழுதிக்கொடுத்த மாதிரி. அடுத்த தோல்வியன்று வட்டியோடு வசூலிப்பார்கள். லயன்ஸ் கோச்சாக இருந்த வாரன் கேட்லண்ட் இதை வேறு விதமாகச் செய்தார். 2017 லயன்ஸ் பயணத்தில் நியூசிலாந்துப் பத்திரிகை ஒன்று அவரைக் கோமாளியாக வரைந்தது. பயணம் முழுக்கப் பொறுத்தார். மூன்றாவது டெஸ்ட் 15-15 என்று முடிந்து தொடர் சமனான பிறகு, சிவப்புக் கோமாளி மூக்கை மாட்டிக்கொண்டு செய்தியாளர் முன் வந்து உட்கார்ந்தார். முதல் டெஸ்டில் தோற்ற கையோடு அதே மூக்கை மாட்டியிருந்தால் கேலிதான் மிஞ்சியிருக்கும்.

5. பேட்டி வேணாம், நாமே வீடியோ எடுத்துப் போட்டா?

தென்னாப்பிரிக்க அணியின் ரக்பி இயக்குநராக இருந்த ராசி எராஸ்மஸ் செய்தார். 2021 ஜூலையில் லயன்ஸிடம் தென்னாப்பிரிக்கா முதல் டெஸ்டை 17-22 என்று இழந்ததும், நடுவர் நிக் பெர்ரியின் முடிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து 62 நிமிட வீடியோ. அணி தொடரை 2-1 என்று வென்றது. எராஸ்மஸுக்கு இரண்டு மாதம் ரக்பி வேலைகள் அனைத்திலும் தடை, 2022 செப்டம்பர் 30 வரை ஆட்ட நாள் பணிகளில் தடை. 2022 நவம்பரில் சமூக ஊடகப் பதிவுகளுக்காக மறுபடி இரண்டு ஆட்டத் தடை.

தென்னாப்பிரிக்க ரசிகர்கள் இதை இன்றும் வீரச்செயலாகப் பேசுவார்கள். விசாரணையில் பெர்ரி சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: அந்த வீடியோவால் பாதிக்கப்பட்டவர்களில் அவர் குடும்பமும் உண்டு. குடும்பம் கோச்சுக்கு மட்டும் இருப்பதல்ல. பின்னாளில் இன்னொரு நடுவர் வெய்ன் பார்ன்ஸும் தன் மனைவி மக்களுக்கு வந்த மிரட்டல்களைப் பற்றிப் பேசினார்.

6. விமர்சனத்துக்கும் வசைக்கும் கோடு எங்க இருக்கு?

‘இந்த ஆளை 12ஆம் இடத்தில் (பத்தாம் எண்ணுக்கு அடுத்து நிற்கும் இடம்) போட்டது தவறு’ என்பது விமர்சனம், அது தவறான விமர்சனமாக இருந்தாலும். ஆட்டத்தைத் தாண்டி ஆளையும் வீட்டையும் தொட்டால் வசை. 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்து 31-43 என்று பிரான்சிடம் தோற்றுத் திரும்பியதும், கோச் ஜான் ஹார்ட்டுக்குச் சொந்தமான பந்தயக் குதிரை மேல் எச்சில் துப்பினார்கள். குதிரை என்ன பாவம் செய்தது! 2018இல் ஸ்காட்லாந்திடம் இங்கிலாந்து தோற்ற மறுநாள், ரயிலில் போன அப்போதைய இங்கிலாந்து கோச் எட்டி ஜோன்ஸை வழிமறித்து வைதார்கள். இனிப் பொதுப் போக்குவரத்து வேண்டாம் என்று அவர் முடிவுசெய்தார்.

பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், கையாளும் ஆள் வேறு. விமர்சனத்துக்குக் கோச் பதில் சொல்கிறார். கட்டுரையில் தகவல் பிழை இருந்தால் ஊடக அலுவலர் அந்தச் செய்தியாளரைத் தொலைபேசியில் அழைக்கிறார், மைக்கில் திருத்தக்கூடாது. மிரட்டல் என்றால் திரைப்பிடிப்பு, தேதி, கணக்குப் பெயர் எல்லாம் சேமித்துவிட்டு ரக்பிச் சங்கத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கும் காவல்துறைக்கும். முதல் வேகத்தில் அழித்துவிடுகிறார்கள். அதனால் சாட்சியம் போய்விடுகிறது.

7. அப்பா கோச், பையன் பிளேயர். இது வாரிசு அரசியல் இல்லாம வேற என்ன?

முதலில் ஓர் ஒப்பீடு. 2025இல் லயன்ஸுக்கு எதிரான முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் பத்தாம் எண் டாம் லைனா. அவர் அப்பா மைக்கேல் லைனா 1991 உலகக் கோப்பை வென்றவர். அவரை யாரும் வாரிசு என்று குறை சொல்லவில்லை. காரணம், அப்பா தேர்வு மேசையில் இல்லை. ஆக இரத்த உறவு சிக்கல் இல்லை. அந்த மேசையில் இருக்கும் நாற்காலிதான் சிக்கல்.

ஃபாரல் குடும்பத்தில் அந்த நாற்காலி நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 2012 பிப்ரவரியில் ஓவன் இங்கிலாந்துக்கு முதன்முதலாக ஆடியபோது ஆண்டி துணைப் பயிற்சியாளர். தலைமை ஸ்டூவர்ட் லங்காஸ்டர். 2013, 2017 லயன்ஸ் பயணங்களில் ஆண்டி தடுப்பாட்டப் பயிற்சியாளர், தலைமை கேட்லண்ட். 2016இல் ஆண்டி அயர்லாந்துப் பயிற்சிக்குழுவுக்குப் போனபின் அப்பாவும் மகனும் எதிரெதிர் அணி. 2025இல்தான் முதல்முறையாகத் தலைமை நாற்காலியில் அப்பா, கீழே மகன். வயதையும் கவனியுங்கள்: ஓவன் பிறந்தபோது ஆண்டிக்கு 16. பேட்டிகளில் இருவரும் கூட்டாளிகள் மாதிரித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

8. 2015ல இங்கிலாந்து வெளியே போனதுக்கு ஃபாரல் குடும்பம்தான் காரணம்னு சொல்றாங்களே?

பாதி உண்மையும் பாதி எரிச்சலும் கலந்த கதை. 2015 உலகக் கோப்பை, செப்டம்பர் 26, லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானம், வேல்ஸுக்கு எதிரான ஆட்டம். அதுவரை பத்தாம் எண்ணில் ஆடிய ஜார்ஜ் ஃபோர்டைப் பெஞ்சில் உட்காரவைத்து ஓவனை எடுத்தார்கள். 12ஆம் எண்ணில் சாம் பர்ஜெஸ். ஆண்டியைப் போலவே ரக்பி லீக்கிலிருந்து (13 பேர் ஆடும் வேறு வகை ரக்பி) வந்தவர். பர்ஜெஸ் அப்போது ஆடிய பாத் கிளப்பில் அவரை 12இல் அல்ல, ஃபிளாங்கராக (ஃபார்வர்டு இடம்) பயன்படுத்திய தலைமைப் பயிற்சியாளர் யார்? மைக் ஃபோர்ட், ஜார்ஜின் அப்பா. இன்னொரு முடிச்சு: இங்கிலாந்தில் ஆண்டிக்கு முன் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்தவரும் இதே மைக் ஃபோர்ட். பத்திரிகைகளுக்குத் தீபாவளிதான்.

இங்கிலாந்து 25-28 என்று தோற்றது. ஆனால் ஓவன் அந்த 25இல் 20 புள்ளிகளைக் காலால் அடித்தவர். மகனைப் போட்டது தோல்விக்குக் காரணம் என்பது நிற்காத வாதம். பர்ஜெஸைப் போட்டது பற்றிய கேள்வி நிற்கும். அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவிடம் 13-33, போட்டியை நடத்திய நாடே குழுநிலையில் வெளியேறியது. லங்காஸ்டர் போனார், புதிதாக வந்த ஜோன்ஸ் ஆண்டியை வைத்துக்கொள்ளவில்லை. இறுதி முடிவு லங்காஸ்டருடையது என்றாலும், துணைப் பயிற்சியாளர் சொன்னது எவ்வளவு எடுபட்டது என்பதை வெளியில் யாரும் விளக்கவில்லை. அந்த வெற்றிடத்தை வாசகர்கள் ‘மகனுக்காக’ என்று நிரப்பிக்கொண்டார்கள்.

9. அப்போ 2025ல ஓவனைக் கூப்பிட்டது சரியா?

மே மாதம் அறிவித்த 38 பேரில் அவர் இல்லை. ஜூலை தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ரெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் எலியட் டேலிக்கு முன்கை எலும்பு முறிந்தது. அந்த இடத்துக்கு அழைப்பு. எதிர்ப்பாளர்களின் வாதம் வலுவானது: 2023 உலகக் கோப்பைக்குப் பின் சர்வதேச ஆட்டமே இல்லை, பிரான்சில் ராசிங் 92 கிளப்பில் காயங்களோடு ஓடிய பருவம். ஆதரவாளர்களின் வாதம்: பத்தும் பன்னிரண்டும் ஆடுவார், ஏற்கெனவே மூன்று லயன்ஸ் பயணம் போனவர், பயணத்தின் நடுவில் வந்து சேரும் ஆளுக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடையாது.

நடந்தது இது: வார நடுவில் ஓர் ஆட்டத்துக்குக் கேப்டன், பிறகு இரண்டாவது டெஸ்டில் பெஞ்ச். மெல்பர்னில் 5-23 என்று பின்தங்கியிருந்த லயன்ஸ் 29-26 என்று வென்ற ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் இறங்கினார். தொடர் 2-1. ஜெயித்ததால் தேர்வு சரி என்று சொல்லமாட்டோம். தோற்றிருந்தால் தவறு என்றும் ஆகியிருக்காது. மே மாதமே நேராக எடுக்காமல், காயம்பட்டவரின் இடத்துக்கு, தெளிவான ஆட்டக் காரணத்தோடு எடுத்தது விளக்கக்கூடிய தேர்வு. அதற்கு மேல் ஒரு கோச்சிடம் கேட்க முடியாது.

10. மகன் எதிர் டீம்ல ஆடுனா பிரச்சினையே இல்லையே?

கேட்லண்டிடம் கேளுங்கள். 2017 லயன்ஸ் பயணத்தின் முதல் ஆட்டத்திலேயே எதிரணியின் பத்தாம் எண் அவர் மகன் பிரின். லயன்ஸ் திணறி 13-7 என்று வென்றது. 2020 ஜூன் 13, டனீடன். கொரோனா முடக்கத்துக்குப் பின் ரசிகர்கள் நிரம்பிய முதல் ஆட்டம். இரண்டும் நியூசிலாந்து அணிகள்: அப்பா சீஃப்ஸ் அணியின் கோச், மகன் ஹைலாண்டர்ஸ் பெஞ்சில். கடைசி நிமிடங்களில் பிரின் அடித்த டிராப் கோலால் (ஓட்டத்தின் நடுவில் பந்தைத் தரையில் விட்டு எழும்போது உதைப்பது) சீஃப்ஸ் 27-28 என்று தோற்றது. அந்தப் போட்டித்தொடரில் சீஃப்ஸ் எட்டு ஆட்டமும் தோற்றது என்பதால் அந்த ஒரு உதையைப் பற்றிய கேள்வி மாதக்கணக்கில் விடவில்லை.

இங்கே நடைமுறை எளிது: அந்த வாரம் வீட்டில் ஆட்டப் பேச்சு கிடையாது, எதிரணி அலசலில் மகனைப் பற்றிய பகுதியைத் துணைப் பயிற்சியாளர் நடத்த வேண்டும். 2021இல் பிரின் அதே சீஃப்ஸில் சேர்ந்தபோது, லயன்ஸ் வேலைக்காக அப்பா அந்த நாற்காலியை விட்டிருந்தார்.

11. செய்தியாளர் மகனைப் பத்திக் கேட்டா, அப்பாவா பேசணுமா கோச்சாவா?

ஒன்றை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். மைக் முன்னால் தேர்ந்தெடுக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 12 அன்று வேல்ஸ் வீரர் மேல் ஓவன் செய்த உயரமான டேக்கிளுக்கு (ஆளைத் தோளுக்கு மேல் பிடித்து வீழ்த்துவது) சிவப்பு அட்டை. மூன்று நாளில் விசாரணைக்குழு ரத்துசெய்தது. உலக ரக்பி அமைப்பு மேல்முறையீடு செய்து நான்கு ஆட்டத் தடை வந்தது. இடையில், இங்கிலாந்தையே எதிர்கொள்ளவிருந்த அயர்லாந்தின் கோச்சாக ஆண்டி செய்தியாளர் முன் உட்கார்ந்தார். மகன் மேல் நடந்த தாக்குதலை அருவருப்பு என்றும் சர்க்கஸ் என்றும் சொன்னார். அப்பாவாகப் பேசினார், ஒருமுறை பேசினார், நிறுத்திக்கொண்டார். அட்டை சரியா என்ற வாதத்துக்குள் போயிருந்தால் எதிரணிக் கோச் நடுவர் விவகாரத்தில் தலையிட்டதாக ஆகியிருக்கும்.

ஆனாலும் சத்தம் நிற்கவில்லை. அந்த உலகக் கோப்பையில் ஓவன் முகம் திரையில் வந்தாலே கூச்சலிட்டார்கள். நவம்பரில், தன் மனநலமும் குடும்பத்தின் நலமும் முக்கியம் என்று சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார்.

12. வீட்டுல இருக்கறவங்க என்ன செய்யலாம்?

கோச்சின் கைபேசியில் செயலிகள் இல்லாமல் இருந்தாலும் மனைவியின், பிள்ளைகளின் கைபேசியில் இருக்கும். ஆறுதல் சொல்வதாக நினைத்துக் கட்டுரையை அனுப்புவது சொந்தக்காரர்கள்தான். ‘இதைப் பார்த்தியா?’ என்று யாரும் எதையும் அனுப்பக்கூடாது என்று ஒரே ஒரு விதி போட்டால் பாதிச் சுமை குறையும். திங்கட்கிழமை ஊடக அலுவலர் தரும் ஒரு பக்கச் சுருக்கம் கோச்சுக்குப் போதும்.

ஆட்ட நாளில் குடும்பத்துக்குப் பொது கேலரிக்கு நடுவில் இருக்கை வாங்காதீர்கள். குழந்தைகளின் பள்ளிக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பிள்ளைகளின் கணக்குகளைப் பூட்டிவையுங்கள். வீட்டிலிருந்து யாரும் வக்காலத்து வாங்கிப் பதிவு போடக்கூடாது; அதுதான் மறுநாள் தலைப்பாகும்.

13. பத்திரிகை எழுதி எழுதியே வேலையைப் பறிச்சிட முடியுமா?

தனியாக முடியாது. சங்கம் கையை விட்டால் முடியும். 2007 உலகக் கோப்பை காலிறுதியில் பிரான்சிடம் 18-20 என்று தோற்ற கோச் கிரஹாம் ஹென்றியை நியூசிலாந்துச் சங்கம் எதிர்ப்பையும் மீறித் திரும்ப நியமித்தது. 2011இல் 8-7 என்று கோப்பை வந்தது. பின்னாளில் நியூசிலாந்து கோச்சான இயன் ஃபாஸ்டருக்குக் கிடைத்தது வேறு. 2022இல் சொந்த மண்ணில் அயர்லாந்திடம் தொடரை இழந்ததும் இரண்டு துணைப் பயிற்சியாளர்களை மாற்றினார்கள், அவரை ஊசலில் விட்டார்கள். பிறகு தக்கவைத்தார்கள். 2023 மார்ச்சில், உலகக் கோப்பைக்கு முன்பே அடுத்த கோச்சை அறிவித்தார்கள். அந்த நிலையிலும் இறுதிப்போட்டி வரை போய் 11-12 என்று தோற்றார்.

அதனால் ஒப்பந்தம் பேசும்போதே கேட்க வேண்டியது: எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீடு, யார் செய்வார், தோல்விக்குப் பின் சங்கத்தின் சார்பில் யார் பேசுவார்.

14. நான் கொழும்பில ஒரு பள்ளிக்கூட டீமுக்கு கோச். மகனும் அதே டீமிலதான். என்னத்தைக் கவனிக்கோணும்?

ராயலும் டிரினிட்டியும் 1945 முதல் மோதும் பிராட்பி கேடயம் போன்ற ஆட்டங்களைப் பத்திரிகைகள் விரிவாக எழுதும் ஊர் உங்களுடையது. பள்ளி மட்டம் என்று அசட்டையாக இருக்க முடியாது. பருவம் தொடங்கும் முன்பே தேர்வு அளவுகோலை எழுதிப் பெற்றோருக்குக் கொடுங்கள்: பயிற்சி வருகை, முடித்த டேக்கிள், தவறவிட்ட டேக்கிள், ஓட்டத் தேர்வு நேரம், அந்த இடத்துக்குரிய திறன். உங்கள் மகனுக்கும் அவன் இடத்துக்குப் போட்டியிடும் பையன்களுக்கும் இன்னொரு பயிற்றுநர் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடட்டும். அந்த இடத்தைப் பேசும்போது நீங்கள் எழுந்து வெளியே போங்கள்.

ஒவ்வொரு பையனும் ஆடிய நிமிடங்களைத் தாளில் குறியுங்கள். புகார் வந்தால் எடுத்துக்காட்ட அதுதான் உதவும். மைதானத்தில் அவனுக்கும் நீங்கள் ‘சேர்’தான். தலையில் அடிபட்டால் அவன் ஆடலாமா என்பதை நீங்கள் முடிவுசெய்யவே கூடாது. வெளியே எடுத்து மருத்துவரிடம் விடுங்கள். திரும்பும் வழியில் காரில் ஆட்டத்தைப் பற்றி அவனாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகத் தொடங்காதீர்கள்.

15. பேச்சு வரக்கூடாதுன்னு மகனை வேணும்னே ஒதுக்கி வச்சா?

இதுதான் அதிகம் நடப்பது, குறைவாகப் பேசப்படுவது. மற்றவனுக்கு மூன்று பிழை வரை பொறுப்பவர்கள் சொந்தப் பிள்ளையை முதல் பிழைக்கே வெளியே எடுப்பார்கள். எல்லார் முன்னாலும் அவனைத்தான் சத்தம் போடுவார்கள். மற்ற பையன்கள் இதை இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் கோச்சின் வேறு எந்தத் தேர்வையும் நம்பமாட்டார்கள்.

14ஆம் பதிலில் சொன்ன நிமிடத் தாள் இதையும் காட்டிக்கொடுக்கும். இன்னொரு பயிற்றுநர் அவனுக்கு நாலு போட்டிருந்தும் நாலு ஆட்டமாகப் பெஞ்சில் இருக்கிறான் என்றால், அடுத்த ஆட்டத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை முழுதாக அவரிடமே கொடுத்துவிடுங்கள்.